சென்னையிலிருந்து டொராண்டோ: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

என் அக்கா டொராண்டோவில், ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். அம்மா முதல்முறை அங்கே போய்த் திரும்பியபோது, "ஜனவரி 20-ஆம் தேதி ராத்திரி விமானம் ஏறுகிறேன், விடியற்காலை மூன்றேகாலுக்கு மெட்ராஸ் வந்துவிடும்" என்று போனில் சொன்னார். 20-ஆம் தேதி ராத்திரிக்கு அடுத்த விடியற்காலை 21-ஆம் தேதிதானே என்று எண்ணி, 21 அதிகாலை மூன்று மணிக்கே மீனம்பாக்கத்தில் போய் நின்றேன். வருகைப் பலகையில் அந்த விமானம் இருந்தது, ஆட்கள் வெளியே வந்தார்கள், அம்மா மட்டும் வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. உண்மையில் நான் அங்கே நின்ற அந்த நேரத்தில் டொராண்டோவில் 20-ஆம் தேதி மாலை நாலரை மணி. அம்மா அக்கா வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்தது 22-ஆம் தேதி அதிகாலை.

அன்றைக்கு உட்கார்ந்து படித்ததுதான் இந்தக் கணக்கு. இணையத்தில் தேடினால் "சென்னை – டொராண்டோ தூரம் இவ்வளவு, நேரம் பதினாறு மணி சொச்சம்" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். தூரம் சரிதான். ஆனால் அந்த நேரத்தில் போய்ச்சேர இரண்டு ஊருக்கும் இடையே நேரடி விமானம் கிடையாது. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு வேண்டியது வேறு: எப்போது கிளம்பி, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வருவார்கள்? அதற்குத் தூரத்தில் தொடங்கிப் படிப்படியாகப் போவோம்.

முதல் படி: இரண்டு நிலையங்களும் எங்கே இருக்கின்றன?

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்கள் தேவை. கூகுள் மேப்பில் நிலையத்தின் ஓடுதளத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டும் வந்துவிடும்.

சென்னை: வடக்கு 13.0 பாகை, கிழக்கு 80.2 பாகை.
டொராண்டோ பியர்சன்: வடக்கு 43.7 பாகை, மேற்கு 79.6 பாகை.

ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு. அதனால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 80.2 + 79.6 = 159.8. இரண்டும் ஒரே பக்கம் என்றால் கழிக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். 180 வந்தால் உருண்டையின் நேர் எதிர்ப்பக்கம் என்று பொருள். ஆக, சென்னைக்கு டொராண்டோ கிட்டத்தட்ட பூமியின் மறுபக்கம். இந்த 159.8 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வரும் எல்லா விசித்திரத்துக்கும் இதுதான் காரணம்.

இரண்டாம் படி: கால்குலேட்டரில் தூரம்

பத்தாம் வகுப்புத் திரிகோணமிதி போதும். போனில் இருக்கும் கால்குலேட்டரைப் படுக்கைவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் சைன், கோசைன் பொத்தான்கள் வரும். அது பாகை முறையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியனில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும்.

இரண்டு அட்சரேகைகளின் சைன்களையும் பெருக்குங்கள்: சைன் 13 = 0.2250, சைன் 43.7 = 0.6909. பெருக்கல் 0.1554.

அடுத்து, இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசமான அந்த 159.8-இன் கோசைனையும் பெருக்குங்கள்: 0.9744 × 0.7230 × (−0.9385) = −0.6612.

இரண்டையும் கூட்டினால் −0.5058. இதற்குத் தலைகீழ் கோசைன் (cos⁻¹ பொத்தான்) எடுத்தால் 120.38 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை சுமார் 111.2 கி.மீ. என்பதால், 120.38 × 111.2 = 13,386. முழுமையாக்கிச் சொன்னால் 13,390 கி.மீ.

பூமி முழு உருண்டை இல்லை, துருவங்களில் சற்றே தட்டை. அதனால் இந்த விடை அரை சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். 13,400 என்று வைத்துக்கொண்டால் எந்த வீட்டுக் கணக்கும் கெட்டுப்போகாது. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் அதிகபட்சத் தூரம் சுமார் 20,000 கி.மீ. அதில் மூன்றில் இரண்டு பங்கு இது.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அக்கா பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் காட்டினேன். 30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையில் சென்னையில் நூலின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை டொராண்டோவில் இழுத்துப் பிடியுங்கள். நூல் தொய்யாமல் விறைப்பாக நிற்கும் பாதைதான் மிகக் குறுகிய பாதை. அளந்தால் சுமார் 31.5 செ.மீ. வரும். அந்த அளவு உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் சுமார் 425 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், அதே 13,390.

மூன்றாம் படி: நூல் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்

நூலை எடுத்துவிடாதீர்கள். அது அரபிக்கடலையோ மத்தியதரைக் கடலையோ தொடவே தொடாது. சென்னையிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்காக, கொஞ்சம் மட்டுமே மேற்கே சாய்ந்து கிளம்பும். ராஜஸ்தான், பாகிஸ்தானின் வடபகுதி, தஜிகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலைப்பக்கம் என்று ஏறி, நார்வேயின் வடமுனைக்கும் மேலே போய், ஏறத்தாழ 73.6 பாகை வடக்கைத் தொடும். ஆர்க்டிக் வட்டம் இருப்பது 66.5 பாகையில் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிரீன்லாந்தைக் கடந்து, கனடாவின் கியூபெக் மாகாணத்தின் மேல் தெற்கே இறங்கி டொராண்டோ வரும்.

பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கும் தட்டை வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் அடிக்கோலை வைத்துக் கோடு போட்டால், அது அரேபியா, அட்லாண்டிக் வழியாக அழகாக நேராக இருக்கும். ஆனால் அந்த நேர்கோட்டில் பறந்தால் சுமார் 15,700 கி.மீ. ஆகும். 2,300 கி.மீ. வீண். வட்டமான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடபகுதி இழுபட்டுப் பெரிதாகத் தெரிவதால் வரும் மயக்கம் இது. பக்கத்து இருக்கைக்காரர், "ஏன் சார் இவ்வளவு சுற்றிக்கொண்டு வடக்கே போகிறார்கள்?" என்று கேட்டால், அவர்கள் சுற்றவில்லை, வரைபடம்தான் அப்படிக் காட்டுகிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

நான்காம் படி: நூலுக்கும் உண்மைப் பாதைக்கும் உள்ள வித்தியாசம்

விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் தூரம் கூடுமா? கூடும், ஆனால் இந்தப் பயணத்துக்கு வெறும் 20 கி.மீ. சொச்சம்தான். அதை விட்டுவிடலாம். பெரிய வித்தியாசம் வருவது இரண்டு காரணங்களால்.

முதலாவது, வான்வெளித் தடை. உக்ரைன் போர் தொடங்கியபோது, 2022 பிப்ரவரி கடைசியில் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானை மூடின. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. கனடிய, ஐரோப்பிய விமானங்கள் அன்றிலிருந்து சுற்றிப் பறக்கின்றன. இந்திய விமானங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வானை மூடியது. டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் அதனால் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டிவந்தது. நம் நூல் இந்த இரண்டு நாடுகளின் மேலும் போகிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே பயணத் தேதியை ஒட்டி அந்த மாத நிலவரத்தைப் பார்த்தே ஆகவேண்டும். பழைய டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்தை நம்பி இருக்காதீர்கள்.

இரண்டாவது, காற்று. தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற ஆறு போன்ற காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. டொராண்டோ போகும்போது அது முகத்தில் அடிக்கும். திரும்பும்போது முதுகைத் தள்ளும். அதனால்தான் போக ஒரு நேரம், வர ஒரு நேரம். துபாயிலிருந்து டொராண்டோவுக்குச் சுமார் பதினாலேகால் மணி என்றால், திரும்பி வர சுமார் பன்னிரண்டே முக்கால் மணிதான். லண்டன் – டொராண்டோ எட்டு மணி, திரும்புகையில் ஏழு மணி.

ஐந்தாம் படி: தூரத்தை நேரமாக மாற்றுதல்

பெரிய ஜெட் விமானம் உச்சியில் மணிக்கு 900 கி.மீ. வாக்கில் பறக்கும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. தரையில் ஓடுதளம் வரை ஊர்ந்து போகும் நேரமும் உண்டு. அதனால் நான் பயன்படுத்தும் கைக்கணக்கு இது: தூரத்தை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள்.

13,390 ÷ 850 = 15.75. அரை மணி சேர்த்தால் பதினாறேகால் மணி. இணையம் சொல்லும் "பதினாறு மணி சொச்சம்" இப்படி வந்ததுதான். இது காற்றே இல்லாத கணக்கு. கிழக்கு – மேற்காக நீளமாகப் போகும் பாதைகளில் எதிர்காற்றுக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னை – லண்டனைப் பாருங்கள்: 8,230 கி.மீ., கணக்குப்படி பத்தேகால் மணி, அட்டவணையில் பதினொன்றை ஒட்டி இருக்கும்.

இவ்வளவு தூரம் நிற்காமல் பறக்க முடியுமா என்று கேட்டால், முடியும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் கென்னடி நிலையத்துக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 15,300 கி.மீ.க்கு மேல், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறது. அதற்கென்றே கூடுதல் எரிபொருள் கொள்ளும்படி செய்த ஏ350 விமானம் அது. அதில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. எரிபொருளின் எடையைச் சுமக்க ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார்கள். நீண்ட தூர நேரடி விமானம் ஏன் எல்லா ஊருக்கும் வருவதில்லை என்பதற்கு அதுவே விளக்கம்.

ஆறாம் படி: எந்த ஊரில் மாறுவது?

நேரடி விமானம் இல்லாததால் நடுவில் ஓர் ஊர் வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே சொன்ன கணக்கையே போட்டுக் கூட்டலாம். நான் போட்டுப் பார்த்தவை:

டெல்லி வழி: 1,760 + 11,640 = 13,400 கி.மீ.
ஃபிராங்க்ஃபர்ட் வழி: 7,590 + 6,340 = 13,930 கி.மீ.
லண்டன் வழி: 8,230 + 5,710 = 13,940 கி.மீ.
துபாய் வழி: 2,930 + 11,080 = 14,010 கி.மீ.

டெல்லி வழி, நூலை விடப் பத்தே கிலோமீட்டர்தான் அதிகம்! காகிதத்தில் இதை அடிக்க வேறு வழியே இல்லை. ஆனால் அம்மாவுக்கு நான் டெல்லி வழியாக டிக்கெட் எடுப்பதில்லை, குறிப்பாக டிசம்பர், ஜனவரியில். அப்போது டெல்லியில் மூடுபனி. சென்னை – டெல்லி விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் அடுத்த விமானம் போய்விடும். நான்கு வழிகளுக்கும் உள்ள அதிகபட்ச வித்தியாசம் சுமார் 600 கி.மீ., அதாவது முக்கால் மணி நேரப் பறத்தல். நடுவில் காத்திருக்கும் நேரமோ இரண்டு மணியாகவும் இருக்கலாம், பன்னிரண்டு மணியாகவும் இருக்கலாம். ஆக மொத்தப் பயண நேரத்தைத் தீர்மானிப்பது தூரம் இல்லை, அந்தக் காத்திருப்புதான்.

வயதானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் காத்திருப்பு மூன்று மணிக்குக் குறையாமல், ஐந்து மணிக்கு மேற்படாமல் பார்த்து எடுங்கள். இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், பெட்டியையும் நடுவில் எடுத்து மீண்டும் போட வேண்டியிருக்கும். அமெரிக்க நகரம் வழியாக மலிவாக வந்தால் யோசியுங்கள்: அங்கே விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும்.

ஏழாம் படி: கடிகாரக் கணக்கு

நான் அன்று தவறியது இங்கேதான், அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். புறப்பாடு சென்னை நேரம், வருகை டொராண்டோ நேரம். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் வருவது பயண நேரம் ஆகாது. எல்லாவற்றையும் முதலில் யூ.டி.சி. என்ற பொது நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்திய நேரம் யூ.டி.சி.யை விட ஐந்தரை மணி முன்னால். துபாய் நான்கு மணி முன்னால். டொராண்டோ குளிர்காலத்தில் ஐந்து மணி பின்னால், கோடையில் நான்கு மணி பின்னால். முன்னால் இருக்கும் ஊரின் நேரத்திலிருந்து கழியுங்கள், பின்னால் இருக்கும் ஊரின் நேரத்தோடு கூட்டுங்கள்.

அம்மாவின் ஜனவரி டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம்.

புறப்பாடு: டொராண்டோ, 20-ஆம் தேதி இரவு 9.45. ஐந்து கூட்டினால் யூ.டி.சி. 21-ஆம் தேதி அதிகாலை 2.45. தேதி இங்கேயே ஒருமுறை மாறிவிட்டது.
துபாய் வருகை: 12 மணி 45 நிமிடம் பறந்த பின், யூ.டி.சி. பிற்பகல் 3.30, துபாய் நேரம் 21-ஆம் தேதி இரவு 7.30.
துபாய் புறப்பாடு: இரவு 9.45, யூ.டி.சி. மாலை 5.45.
சென்னை வருகை: நான்கு மணி நேரம் கழித்து, யூ.டி.சி. இரவு 9.45. ஐந்தரை கூட்டினால் 22-ஆம் தேதி அதிகாலை 3.15.

ஆக மொத்தம் யூ.டி.சி. 2.45-இலிருந்து இரவு 9.45 வரை, பத்தொன்பது மணி நேரம். ஆனால் நாள்காட்டியில் 20-இல் ஏறி 22-இல் இறங்குகிறார். முழு 21-ஆம் தேதியும் பயணத்திலேயே போய்விட்டது. டிக்கெட்டில் வருகை நேரத்தின் பக்கத்தில் பொடியெழுத்தில் "+2" என்று இருக்கும். அதை விரலால் தொட்டுப் பாருங்கள். பலரும் காணத் தவறுவது அந்தச் சின்ன எண்தான்.

போகும்போது இதற்கு நேர்மாறு. ஜனவரி 15 அதிகாலை 3.30-க்குச் சென்னையில் ஏறி, துபாயில் 6.15-க்கு இறங்கி, 9.30-க்கு மாறி, அதே 15-ஆம் தேதி பிற்பகல் 2.45-க்கு டொராண்டோ. பதினொன்றேகால் மணி நேரத்தில் போய்விட்டது போலத் தோன்றும். பத்தரை மணி நேர வித்தியாசத்தைச் சேர்த்தால் உண்மை தெரியும்: இருபத்தொன்றே முக்கால் மணி.

நேரம் மாற்றும் மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். லண்டனிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் அது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். நடுவில் இருக்கும் வாரங்களில் ஓர் ஊர் மாறியிருக்கும், இன்னோர் ஊர் மாறியிருக்காது. இந்தியாவும் துபாயும் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அதனால் கோடையில் நமக்கும் டொராண்டோவுக்கும் வித்தியாசம் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை.

கொழும்பிலிருந்து கிளம்புகிறவர்களுக்கும் இதே கணக்குதான். இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே. கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு வடக்கு 7.2, கிழக்கு 79.9 என்று போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 14,000 கி.மீ. வரும்.

எட்டாம் படி: வாசலிலிருந்து வாசல் வரை

விமானத்தில் இருபத்திரண்டு மணி நேரம் என்றால், வீட்டிலிருந்து வீட்டுக்கு இருபத்தெட்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மூன்று மணி முன்னதாக நிலையம், அதற்கு முன் சாலைப் பயணம், பியர்சனில் குடியேற்றச் சோதனையும் பெட்டி வருவதும் சேர்த்து ஒன்றரை மணி, அப்புறம் நெடுஞ்சாலை 401-இல் ஸ்கார்பரோ வரை மாலை நெரிசல். குளிர்காலத்தில் டொராண்டோவிலிருந்து திரும்பும்போது, இறக்கையில் படிந்த பனியைக் கரைக்கும் திரவத்தை அடித்த பிறகுதான் விமானம் கிளம்பும். அதற்கு அரை மணி கூடப் பிடிக்கலாம். வரவில்லையே என்று பதற வேண்டாம்.

தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முக்கியமாக இன்சுலின் போடுகிறவர்கள், இந்த யூ.டி.சி. அட்டவணையை மருத்துவரிடம் காட்டி எந்த வேளைக்கு எதை எடுப்பது என்று எழுதி வாங்குங்கள். நாள் ஒன்று நீளும் அல்லது சுருங்கும் பயணத்தில் "காலை மாத்திரை" என்ற பேச்சுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது. மருந்து கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் அல்ல.

இப்போதெல்லாம் அம்மா கிளம்பும்போது அவருடைய கடவுச்சீட்டு உறைக்குள் ஒரு தாள் வைக்கிறேன். இடப்பக்கம் அந்த ஊர் நேரம், வலப்பக்கம் நம் வீட்டுக் கடிகார நேரம், தேதியோடு. அம்மா தன் கைக்கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. துபாயில் உட்கார்ந்து வலப்பக்கத்தைப் பார்த்து, "இப்போ நீ தூங்கிக்கொண்டிருப்பாய், காலையில் பேசுகிறேன்" என்று செய்தி அனுப்புகிறார். அதே தாளின் நகல் ஒன்று அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், ஒன்று எங்கள் வீட்டு நாள்காட்டியில், 22-ஆம் தேதியின் மேல்.